அம்மாவுக்கு நண்டு பிடிக்கும்

மூன்று வாரமாக ஒரே வினைச்சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குஸ்தார். ஒன்று நமக்குப் பிடிக்கும் என்று சொல்ல, ஸ்பானிஷ்காரர்கள் தினமும் புழங்கும் சொல்.

மண்ணடியில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பெருவின் கயாவோ, மெக்சிகோவின் மன்சனியோ துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர்களுக்குப் பேப்பர் வேலை என்னுடையது. அங்கிருந்து வரும் மெயில்களைப் பார்த்துப் பார்த்து ஸ்பானிஷ் மேல் ஆசை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆன்லைன் வகுப்பு, இங்கிலீஷ் வழியாக.

சிக்கலே அங்கேதான். இங்கிலீஷில் ‘ஐ லைக்’ என்று ஆரம்பித்துப் பழகியதால் ‘நான்’ என்று பொருள்படும் ‘யோ’ தானாக வந்து நின்றது. ‘யோ குஸ்தோ எல் பெஸ்காதோ’ என்று எழுதினேன். தப்பு. ‘மீன் எனக்கு இன்பம் தருகிறது’ என்று திருப்பிப்போட்டு யோசிக்கச் சொன்னார்கள். திருப்பிப்போட்டு யோசித்ததில் வாய் திறக்கவே அரை நிமிஷம் ஆனது.

போன ஞாயிறு அம்மாவோடு காசிமேடு போனேன். 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்க, ஃபைபர் படகுகளில் வந்ததுதான் மீன். வஞ்சிரம் விலை கேட்கவே முடியவில்லை. சங்கரா வாங்கலாம் என்றேன். அம்மா நண்டுக் கூடையை விட்டு நகரவில்லை. கால் கட்டிய நண்டு ஒவ்வொன்றையும் தூக்கி, வயிற்றுப் பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உனுக்கு மீன் புடிக்கும். எனுக்கு நண்டுதான் புடிக்கும்.”

உனக்கு, எனக்கு. அம்மா பேச்சில் ‘நான்’ எங்கேயும் இல்லை! மே என்றால் எனக்கு, தே என்றால் உனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கும். ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’: எனக்கு மீன் பிடிக்கும். எதையும் திருப்பிப்போட வேண்டாம். பிறந்ததிலிருந்து நான் பேசுகிற வாக்கியம்தான் இது. தமிழ் பேசுகிறவர்கள் இந்தப் பாடத்துக்கு இங்கிலீஷ் பக்கமே போகக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். (கடலில் நீந்தும்போது அது ‘பெஸ்’, பிடித்துக் கரைக்கு வந்ததும் ‘பெஸ்காதோ’. காசிமேட்டில் இருப்பதெல்லாம் பெஸ்காதோதான்.)

அப்புறம் நண்டு. ஒன்றுக்கு மேல் என்றால் குஸ்தா, ‘குஸ்தான்’ ஆகிவிடும்: ‘மே குஸ்தான் லோஸ் காங்க்ரேஹோஸ்’. நம் ‘பிடிக்கும்’ இப்படி மாறாது. ஆனால் ‘பாட்டு பிடித்தது, பாட்டுகள் பிடித்தன’ என்று எழுதுகிறோமே, அதேதான். தண்டையார்பேட்டையில் எனக்குப் பாடம் எடுத்த தமிழம்மா, ‘மாடுகள் வந்தது’ என்று எழுதினால் நோட்டில் வட்டம் போட்டு, ‘பலவின்பால்!’ என்று எழுதுவார். அந்த வட்டம் இப்போது உதவுகிறது. பிடித்தனவில் ஒரு ன, குஸ்தானில் ஒரு ன்.

இன்னும் இடறுவது வேறு ஒன்று. ‘அ மி மாத்ரே லே குஸ்தான் லோஸ் காங்க்ரேஹோஸ்’. ‘அம்மாவுக்கு’ என்று சொன்ன பிறகும் ‘லே’, அதாவது ‘அவங்களுக்கு’ என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு அந்த லே விட்டுப்போகிறது. இங்கிலீஷ் ‘தி’ மாதிரி பெயருக்கு முன்னால் வரும் எல், லோஸ் இரண்டும்கூட அப்படித்தான்.

சாயங்காலம் அம்மா நண்டு கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். “இன்னாடி, தனியா பேசிக்கினு கீற?” என்றார். தலைவலி என்றேன். சொன்னதும் அதுவும் வந்துவிட்டது: ‘மே துவேலே லா கபேஸா’, எனக்குத் தலை வலிக்கிறது. ‘என் தலை’ என்று அவர்களும் சொல்வதில்லை.

திங்கட்கிழமை கயாவோவுக்குப் போக வேண்டிய ஒரு ஃபைலில் இன்வாய்ஸ் இல்லை. ‘நோஸ் ஃபால்தா லா ஃபக்தூரா’ என்று நானே எழுதி அனுப்பினேன். நோஸ் என்றால் எங்களுக்கு. நமக்குப் பகல் என்றால் அங்கே ராத்திரி, பத்தரை மணி நேர வித்தியாசம். செவ்வாய் காலை வந்து பார்த்தால் இன்வாய்ஸ் வந்திருந்தது, கீழே ‘கிராசியாஸ்’ (நன்றி) என்று ஒரு வரியோடு.