விதைநெல்லில் பூஞ்சாணம் எங்கே தங்குகிறது

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் சம்பா கதிர் வெளிவரும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பிடித்துக்கொண்டால், அறுவடையாகும் நெல்மணிகளில் பழுப்பும் கருமையுமாகப் புள்ளிகள் தெரியும். அரவைக்குப் போகும் நெல் என்றால் விலை குறைவதோடு போயிற்று. அதையே விதைக்கென்று எடுத்து வைத்தால், மூட்டையோடு நோயும் அடுத்த பட்டத்து நாற்றங்காலுக்கு வந்து சேரும். செம்புள்ளி நோய், குலை நோய், இலையுறை அழுகல் ஆகிய மூன்றையும் உண்டாக்கும் பூஞ்சாணங்கள் விதை வழியாகப் பரவக்கூடியவை. 1942இல் வங்காளத்து நெல்லைத் தாக்கிய செம்புள்ளி நோயை மறு ஆண்டுப் பஞ்சத்துக்கு ஒரு காரணமாகச் சொல்வதுண்டு; போரையும் அன்றைய அரசின் கொள்கையையும் விட்டுவிட்டுப் பூஞ்சாணத்தின் மேல் மட்டும் பழி போடுவதை நான் ஏற்பதில்லை.

உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் பதரை நீக்கிவிட்டால் விதை சுத்தமாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பதரும் நோயால் மணி பிடிக்காத நெல்லும் அதில் கழிந்துபோவது உண்மைதான் என்றாலும், நன்றாக முற்றி அடியில் தங்கும் நெல்லின் உமியிலும் அதற்குள்ளும் பூஞ்சாணம் இருக்கலாம். ஆகவே, விதைநேர்த்தியை, அதாவது விதைக்கும் முன் விதைக்குச் செய்யும் நோய்த்தடுப்பு முறையை, தேர்ந்தெடுக்கும் முன் பூஞ்சாணம் விதையின் எந்த இடத்தில் தங்குகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

கரிப்பூட்டை என்பது மணிகளைக் கரித்தூளாக்கும் பூஞ்சாண நோய். சோளத்தின் மணிக் கரிப்பூட்டையில், கதிரடிக்கும்போது உடையும் கரித்தூள் நல்ல விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குக் கந்தகத்தூளைப் புரட்டினாலே போதும் என்ற நிலை முன்பு இருந்தது. கோதுமையின் உதிரிக் கரிப்பூட்டையோ பூ வழியாக நுழைந்து கருவுக்குள்ளேயே உறங்குவதால், மேலே பூசும் தூள் அதை எட்டாது. பஞ்சாபில் தாவர நோயியல் அறிஞர் லூத்ரா இதற்குக் கண்ட வழி எளிமையானது: கோடைக் காலையில் விதையை நீரில் ஊறவைத்துப் பூஞ்சாணத்தை விழிக்கச் செய்து, பிற்பகல் வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் கொல்வது. ஊடுருவிப் பாயும் கார்பாக்சின் போன்ற மருந்துகள் பிற்பாடுதான் வந்தன.

நெல்லுக்கு வருவோம். கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக் கொல்லி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா என்பதே இங்கு வழக்கமான பரிந்துரை. உப்புக் கரைசலில் தேர்ந்த விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே இவற்றைக் கலக்க வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு குறையும். நோய் தெரிந்த வயலில் விதை எடுக்காமல் இருப்பது இவை இரண்டையும்விட மேல். மருந்து கலந்த விதை மிஞ்சினால் கோழிக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது.