கிண்டல், கேலி, எள்ளல்

நேற்று ஒருவர் திக்கித் திக்கிப் பேசியதை நாலு பேர் அப்படியே நடித்துக் காட்டினார்கள், கேட்டால் 'சும்மா கிண்டலுக்கு' என்றார்கள், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கிண்டல் என்ற சொல்லே கிண்டு என்ற வினையிலிருந்து வந்ததுதான், அடியில் கிடப்பதைக் கிளறி மேலே கொண்டுவருவது. கேலி அப்படியில்லை, அது வடமொழிச் சொல், அங்கே விளையாட்டு என்று பொருள். சரி, நேற்று நடந்தது விளையாட்டா? அதற்குச் சரியான பெயர் எள்ளல். சிரிப்பு பிறக்கும் இடங்களென்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பதே எள்ளல்தான்! எள்ளுதல் என்றால் இகழ்தல், ஒருவரைக் கீழே வைத்துப் பார்ப்பது. 667ஆம் குறளில் 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்று வருவதும் இதே வினைதான். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.