பிபிசி ‘கொஸ்டின் டைம்’ அரங்கில் கேள்வி கேட்க

‘கொஸ்டின் டைம்’ பிரிட்டனின் பிபிசி ஒன் தொலைக்காட்சியில் வியாழன் இரவுகளில் வரும் அரசியல் விவாத நிகழ்ச்சி. 1979 செப்டம்பர் 25-இல் ராபின் டே நெறியாளராக இருந்து தொடங்கியது. 2019 முதல் ஃபியோனா புரூஸ் நடத்துகிறார். மேடையில் அரசியல்வாதிகள் உட்பட வழக்கமாக ஐந்து பேர் அமர்வார்கள். கேள்வி மட்டும் பொதுமக்களுடையது. அதனால்தான் அந்த அரங்கில் உட்காருவது பெறுமதியான காரியம்.

வாரம் ஒரு ஊரில் பதிவு. உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறார்கள் என்று பார்த்து, இணையத்தில் விண்ணப்பியுங்கள். நீங்கள் கேட்க விரும்பும் கேள்வி, வயது, தொழில் ஆகியவற்றோடு, கடந்த தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது பற்றிய பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம், கட்சி உறுப்பினரா என்றெல்லாம் கேட்பார்கள். நம்மவர்கள் பலர் தயங்கி மழுப்புவது இந்த இடத்தில்தான். மழுப்பாதீர்கள். அரங்கில் எல்லாக் கருத்துகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விவரங்கள். அழைப்பு வராவிட்டால் உங்கள் கேள்வி மோசம் என்று பொருளில்லை. உங்களைப் போன்ற கருத்துள்ளவர்கள் அந்த ஊரில் அதிகம் விண்ணப்பித்திருக்கலாம். வேறொரு முறை மறுபடி முயலலாம்.

தேர்வானால் நிகழ்ச்சிக் குழுவிலிருந்து தொலைபேசி வரும். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். போகும்போது புகைப்பட அடையாள அட்டை வேண்டும், பைகளைச் சோதிப்பார்கள். பதிவுக்கு வெகு முன்னதாகவே வரச் சொல்வதால் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

உள்ளே போனதும் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் தீர்மானமாவது இந்தக் கட்டத்தில். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் நான்கைந்து கேள்விகளுக்கே இடம். விண்ணப்பத்தில் எழுதியதையே திரும்ப எழுதினால் அது பழைய செய்தியாகிவிட்டிருக்கும். அன்று காலைச் செய்தியைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே வாக்கியம், இருபது சொற்களுக்குள். முன்னுரை, புள்ளிவிவரம், ‘மேலும்’ என்று தொடரும் இரண்டாம் பகுதி எதுவும் வேண்டாம். ஓர் அமைச்சரை மட்டும் மடக்கும் கேள்வியை விட, ஐந்து பேரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விக்கே வாய்ப்பு அதிகம். ‘மருத்துவமனைக் காத்திருப்பு ஏன் நீள்கிறது?’ என்பது வெறும் புலம்பலாகப் போய்விடும். ‘காத்திருப்பைக் குறைக்க வரியை உயர்த்தலாமா?’ என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். மேடையில் இருப்பவர்களுக்குக் கேள்விகள் முன்கூட்டியே தெரியாது என்பதால் பதிலும் அந்த நேரத்தில் யோசித்ததாகவே இருக்கும்.

உங்கள் கேள்வி தேர்வாகாவிட்டாலும் கையை உயர்த்திக் கருத்துச் சொல்லலாம். நெறியாளர் உங்களைச் சுட்டியதும் சட்டென்று ஆரம்பிக்காதீர்கள். நீண்ட கம்பியில் பொருத்திய மைக் தலைக்கு மேலே வந்து சேரச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் பேசினால் முதல் சொற்கள் பதிவாகாது. அதனால் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தை முதல் மூன்று சொற்களுக்குள் அடைத்துவிடாதீர்கள்.