சுவரில் ஒரு தலைவலியை வரைவது எப்படி?

கர்ப்பகால ஆரோக்கியத்தைப் பற்றிச் சுவரில் படம் வரையலாம் என்று கூடிப் பேசியபோது, எல்லோருக்கும் முதலில் தோன்றியது வயிற்றில் கைவைத்துச் சிரிக்கும் ஒரு தாய்தான். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துப் போகிறவருக்குப் புதிதாக என்ன தெரியும்?

செவிலியர் அக்கா அபாய அறிகுறிகளைச் சொன்னார்: ரத்தப்போக்கு, விடாத தலைவலி, பார்வை மங்குவது, வீக்கம், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி வரைய வேண்டும். வீக்கத்துக்குக் கால்களை வரையலாம் என்றார்கள் சிலர். "கால் வீக்கம் நிறைய பேருக்கு வரும். முகமும் கையும் திடீர்னு வீங்கினா உடனே பிபி பார்க்கணும்" என்றார் அக்கா. அதனால் விரலில் இறுகிக் கழற்ற முடியாத ஒரு மோதிரத்தைப் பெரிதாக வரைந்தோம்.

தலைவலிதான் கஷ்டமாக இருந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்தால் சாதாரண அலுப்பு என்றுதான் தோன்றும். எங்களில் ஒருவருக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய விஷயம். அவர் தூரிகையை வாங்கி, அந்த முகத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளாக வைத்தார். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி இருந்துச்சு." வெளியிலிருந்து ஓவியரை அழைத்திருந்தால் இந்தப் புள்ளிகள் வந்திருக்காது.

2023-ல் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக உலகெங்கும் நாள்தோறும் 700-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, மருத்துவமனையில்தான் எல்லாம் ஒட்டியிருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே போகிறவர் ஏற்கெனவே கர்ப்பிணி. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடும். அப்போது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்கச் சொல்கிறார்கள். இது தெருவில் நடப்பவர் கண்ணில் பட வேண்டிய செய்தி. கணவருக்கும் மாமியாருக்கும் கூடத்தான்.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரையிலும் இந்த ரத்த அழுத்த ஆபத்து உண்டு. அதற்கு இந்தச் சுவரில் இடமில்லை. பக்கத்துச் சுவரைக் கேட்டிருக்கிறோம்.