மப்பெட்ஸ் டிஸ்னி கையில் இருக்கலாமா?

மப்பெட்ஸ் என்பது அமெரிக்கக் கலைஞர் ஜிம் ஹென்சன் உருவாக்கிய பொம்மைப் பாத்திரங்களின் கூட்டம். டிஸ்னி அதை வாங்கி இருபது வருஷம் தாண்டிவிட்டது. அது சரியா தப்பா என்ற சண்டை மட்டும் ரசிகர்களுக்குள் இன்னும் ஓயவில்லை, வேலூரில் இருக்கும் எங்கள் சின்னக் கூட்டத்திலும்தான். 2025 ஜூனில் ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவில் மப்பெட்விஷன் 3டி அரங்கை மூடியதும் பழைய சண்டை மறுபடி கிளம்பிவிட்டது. அந்த இடத்தில் மான்ஸ்டர்ஸ் இன்க் படத்தை வைத்து ஒரு புதுப் பகுதி வருகிறதாம். "நாம போகவே போறதில்லாத ஊர்ல ஒரு கொட்டகையை மூடினா உனக்கு இன்னாடா?" என்று சத்துவாச்சாரி நண்பன் கேட்டான். எனக்கு நிறையவே இருக்கிறது. ஜிம் ஹென்சன் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று அது. 1990 மே 16-ல் அவர் இறந்தார், சரியாக ஒரு வருஷம் கழித்து அது திறந்தது. முப்பத்து நான்கு வருஷம் ஓடியது.

சண்டையில் ஒரு கட்சி, டிஸ்னி வந்துதான் மப்பெட்ஸ் கெட்டது, ஹென்சன் குடும்பமே வைத்திருக்க வேண்டும் என்கிறது. இந்தக் கட்சியோடு எனக்கு ஒத்துப்போகாது. 1989-ல் டிஸ்னிக்கு விற்க முடிவு செய்தவர் ஜிம்மேதான். கணக்கு வழக்கு, வியாபாரம் எல்லாவற்றையும் பெரிய ஸ்டூடியோவிடம் விட்டுவிட்டு அவர் பொம்மைகளோடு இருக்க நினைத்தார். செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சிக்குச் செய்த பாத்திரங்களை மட்டும் தரமாட்டேன் என்று உறுதியாக நின்றார். பேச்சுவார்த்தை முடிவதற்குள் அவர் போய்விட்டார், 1990 டிசம்பரில் பேரமும் முறிந்தது. அப்புறம் 2000-ல் அவர் பிள்ளைகள் ஹென்சன் கம்பெனியை இஎம்.டிவி என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு 68 கோடி டாலருக்கு விற்றார்கள், அந்த நிறுவனம் தடுமாறியதும் 2003-ல் அதைவிட மிகக் குறைந்த விலைக்கு அவர்களே திரும்ப வாங்கினார்கள். 2004-ல் மப்பெட்ஸ் டிஸ்னிக்குப் போனது. ஜிம்மின் மற்ற பொம்மைப் படைப்புகளான ஃபிராகிள் ராக், டார்க் கிரிஸ்டல் எல்லாம் இன்றும் ஹென்சன் கம்பெனியிடம்தான். ஆக, யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

எதிர்க் கட்சி ஆரணிக்கார அண்ணனுடையது. "காசு போட்டவன் அவன், அவன் பொருளு, அவன் இஷ்டம்." அவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், சரக்கு வாங்கினால் நம்முடையது என்பது அவருக்குப் பழகிய கணக்கு. ஆனால் டிஸ்னி வாங்கியது என்ன சரக்கு? அதை யாரும் நின்று யோசிப்பதில்லை.

மப்பெட்ஸில் முதன்மையான கெர்மிட் பொம்மையை 1955-ல் ஜிம் தன் அம்மாவின் பழைய கோட்டுத் துணியிலும் இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்திலும் செய்தார். துணி அவ்வளவுதான். ஆட்டுகிறவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒரு கையைப் பொம்மையின் வாய்க்குள் விட்டு, இன்னொரு கையால் அதன் கைகளோடு சேர்ந்த மெல்லிய கம்பியை அசைத்து, கேமராவில் பொம்மை எப்படித் தெரிகிறது என்பதைக் கீழே வைத்த டிவியில் பார்த்தபடியே குரலும் கொடுக்க வேண்டும். ஃபாஸி கரடி மாதிரிப் பாத்திரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும், இன்னொருவர் ஒரு கையை மட்டும் பார்த்துக்கொள்வார். மிஸ் பிக்கி என்ற பன்றிப் பொம்மை பழைய எபிசோடுகளில் கோபத்தில் தலையைச் சிலுப்பும்போது நாம் பார்ப்பது அதை ஆட்டிய ஃபிராங்க் ஓஸின் மணிக்கட்டு. 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்த மப்பெட் ஷோ டிவி தொடரின் 120 எபிசோடுகளும் இப்படி நாலைந்து பேர் ஒருவரோடொருவர் வருஷக்கணக்கில் பழகிய பழக்கத்தில் வந்தவை. அமெரிக்க சேனல்கள் வேண்டாம் என்று விட்டதை லூ கிரேட் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர் காசு போட்டு எடுக்க வைத்தார். காசு போட்டார், ஆட்டத்தை ஆடுகிறவர்களிடம் விட்டார். அண்ணனிடம் நான் சொன்னதும் இதைத்தான்.

நம் பக்கத்தில் இதைப் புரியவைப்பது கஷ்டமே இல்லை. செய்யாறு, ஆரணி பக்கம் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதக் கூத்து விடும்போது ஊர்தான் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, தாம்பூலம் வைக்கிறது, எந்த இரவு எந்தக் கதை என்று ஊர் சொல்லலாம். துரியோதனன் வேஷம் யார் கட்டுவது என்பதை வாத்தியார்தான் சொல்வார். அந்த வேஷத்துக்கு வருகிறவன் அதற்கு முன்னால் பின்பாட்டு பாடி, சின்ன வேஷங்கள் கட்டி, விடிய விடிய ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஏறியவனாக இருப்பான். விழாக்குழுத் தலைவர் எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் நடுக் களரியில் ஏறி ஆளை மாற்று என்றால் ஊரே சிரிக்கும்.

ஜிம் இறந்ததும் கெர்மிட்டை ஸ்டீவ் விட்மயரிடம் கொடுத்தது ஹென்சன் குடும்பம். 1978-லிருந்து அவர்களோடு இருந்தவர் அவர். இருபத்தாறு வருஷம் செய்தார். 2016-ல் அவரை விலக்கியது ஸ்டூடியோ. தொழில் ரீதியான நடத்தை சரியில்லை என்று டிஸ்னி சொன்னது, ஜிம்மின் பிள்ளைகளில் சிலரும் அதை ஆதரித்தார்கள். பாத்திரத்துக்காகத்தான் வாதாடினேன் என்றார் ஸ்டீவ். எங்கள் கூட்டம் இதில்தான் இரண்டாக உடைந்தது. அவருக்குப் பதில் கெர்மிட்டைச் செய்ய வந்த மேட் வோகல் நல்ல கலைஞர், அவர் மேல் கோபப்படுவது அநியாயம். ஆனால் கெர்மிட் யார் என்ற முடிவு ஆட்டுகிறவர்கள் கூட்டத்தை விட்டு ஒரு கம்பெனி அலுவலகத்துக்குப் போய்விட்டது, அதுதான் என்னை உறுத்துகிறது. ஃபிராங்க் ஓஸ் உயிரோடு இருக்கிறார். மப்பெட்ஸோடு மறுபடி வேலை செய்ய ஆசை இருக்கிறது, டிஸ்னிக்குத்தான் நான் வேண்டாம் என்று 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

டிஸ்னி நல்லதே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2011 படம் நிறையப் பேரைத் திரும்ப இழுத்து வந்தது, அதன் ஒரு பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. 2021-ல் பழைய மப்பெட் ஷோவின் ஐந்து சீசனையும் தங்கள் தளத்தில் ஏற்றினார்கள், சில எபிசோடுகள் மட்டும் விடுபட்டுப் போயின. அதற்கு முன்னால் நான்காவது, ஐந்தாவது சீசன் டிவிடியாகக்கூட வந்ததில்லை. யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் புதிதாக ஆரம்பிப்பதைப் பெரும்பாலும் ஒரு சீசனில் நிறுத்திவிடுகிறார்கள். 2015-ல் ஏபிசி சேனலில் வந்தது ஒரே சீசன். 2023-ல் மப்பெட்ஸின் இசைக்குழுவான எலக்ட்ரிக் மேஹெம் பேண்டை வைத்து எடுத்ததும் ஒரே சீசன். ஒரு கூட்டம் பழகிச் சூடு பிடிப்பதற்குள் கலைத்துவிட்டால் எப்படி?

"சரி, டிஸ்னி வித்துட்டா யார் வாங்குவாங்க, சொல்லு" என்று அண்ணன் மடக்கினார். அது விற்கவே வேண்டாம், அண்ணா. பத்திரம் அவர்களிடமே இருக்கட்டும். யார் எந்தப் பாத்திரத்தைக் கட்டுவது, அடுத்து யாரைப் பழக்குவது என்ற முடிவை மட்டும் ஆட்டுகிறவர்களிடம் எழுத்தில் கொடுத்துவிடட்டும். கான்ஸோ என்ற மப்பெட் பாத்திரத்தை 1970-களிலிருந்து டேவ் கோல்ஸ்தான் செய்கிறார், 1946-ல் பிறந்தவர். அவருக்குப் பிறகு கான்ஸோவைச் செய்யப் போகிறவரை அவரே கைகாட்ட வேண்டும், அதுவும் இப்போதே.