சுயேச்சை உறுப்பினரும் டிசம்பர் மாதப் பாதீடும்

தவிசாளர் தெரிவு நடக்கிற நாளில் பிரதேச சபையில் கூடுதலாக மரியாதை கிடைப்பது சுயேச்சை உறுப்பினருக்குத்தான். பெரிய கட்சிக்காரர் அவருக்குக் கதிரை இழுத்துப் போடுவார்கள். "அண்ணை, ஒருக்கா வாங்கோ" என்று வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதே ஆள் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை என்று எழும்பினால், பக்கத்திலிருப்பவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வடமராட்சிப் பக்கத்துச் சபையொன்றில் முகாமைத்துவ உதவியாளராகக் கூட்டறிக்கை எழுதிய காலத்தில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டேன்.

உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சபை உறுப்பினர்களில் 60 வீதத்தை வட்டாரத்துக்கும் 40 வீதத்தை விகிதாசாரத்துக்கும் பிரித்துக் கொடுத்தது. 2018 தேர்தலில் யாழ்ப்பாண மாநகர சபையின் 45 பேரில் முதலிடம் வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கே 16 பேர்தான். இப்படிப் பாதி எவரிடமும் இல்லாத சபைகளில் உள்ளூராட்சி ஆணையாளர் வந்து தெரிவை நடத்துவார். திறந்த வாக்கா, இரகசிய வாக்கா என்பதற்கே முதலில் வாக்கெடுப்பு. சமனாக வந்தால் திருவுளச்சீட்டு. இரகசியம் வேண்டும் என்று ஆர் அவசரமாகக் கை உயர்த்துகிறார் என்று பார்த்தாலே, ஆர் இரண்டு பக்கத்துக்கும் ஆதரவு தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கு விளங்கிவிடும். கூட்டறிக்கையில் அதை எழுத முடியாது.

எங்கள் நாட்டில் சுயேச்சை என்றால் தனி ஆள் என்று நினைக்கக் கூடாது. குழுவாகப் பட்டியல் கொடுத்துத்தான் போட்டியிட வேண்டும். 1989 பாராளுமன்றத் தேர்தலில் ஈரோஸ் என்ற தமிழ் அமைப்பு சுயேச்சைக் குழுக்களாக நின்று 13 ஆசனங்களை எடுத்தது. ஐக்கிய தேசியக் கட்சியிடம் 125 இருந்ததால் ஆட்சி அமைக்க அந்த 13 எவருக்கும் தேவைப்படவில்லை. 1994 வேறு கதை. பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, அதோடு சேர்ந்த முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 225 பேர் பாராளுமன்றத்தில் வேண்டியதோ 113. நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவில் வென்ற மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன் அந்தக் குறையை நிரப்பினார். அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் (ஈபிடிபி) சுயேச்சைக் குழு 10,744 வாக்குகளோடு 9 ஆசனங்களை எடுத்தது. போர்க்காலத்து வாக்களிப்பு அப்படி. 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்றை சுயேச்சைக் குழு 17இல் அர்ச்சுனா வென்றார். தேசிய மக்கள் சக்திக்கு 159 இருக்கையில் அந்த ஒன்றைத் தேடி ஆர் வருவார்? ஆளின் கெட்டித்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும், மற்றவர்களுக்கு எத்தனை குறைகிறது என்பதே பெறுமதியைத் தீர்மானிக்கிறது.

சபையில் அந்தக் குறை ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், பாதீடு, அதாவது வரவுசெலவுத் திட்டம், என்ற பெயரில். 2020 டிசம்பரில் யாழ் மாநகர சபையில் பாதீடு இரண்டாம் முறையும் தோற்றதால் ஆனோல்ட் மாநகர முதல்வர் (மேயர்) பதவியை இழந்தார். மாத முடிவில் மணிவண்ணன் 21க்கு 20 என்று புதிய முதல்வராகத் தெரிவானார். எங்கள் பக்கத்துச் சபைகளெல்லாம் அந்த ஒரு வாக்கைப் பற்றித்தான் கதைத்தன.

எங்கள் சபையில் இருந்த சுயேச்சை உறுப்பினர்களில் ஒருவர் தெரிவு நாளிலேயே உப தவிசாளர் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெயர்ப்பலகை கிடைத்தது. அதன் பிறகு அவரால் எதிர்த்து வாக்களிக்கவும் முடியவில்லை, கேட்டு வாங்கவும் முடியவில்லை. இன்னொருவர் தெரிவு நாளில் ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி மழை தொடங்கின பிறகு கணக்குக் கிளைக்கு வந்து குந்திக்கொண்டு சோலைவரி எவ்வளவு வந்தது, சந்தைக் குத்தகை எவ்வளவு என்று எங்கள் உயிரை எடுத்தார். பிறகு சபையில் எழும்பி, தன் வட்டாரத்து மதகும் வாய்க்காலும் பாதீட்டில் தனி வரியாக வராவிட்டால் எதிர்த்துக் கை உயர்த்துவேன் என்று சொன்னார். விலைபோகிற ஆள் என்று வெளியில் கதை கட்டினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்றவர்கள் வேப்பமரத்தடியில் பேசியதை இவர் கூட்டறிக்கையில் பதியச் சொல்லிப் பேசினார்.

மதகு பாதீட்டில் வந்தது. வேலை தொடங்கியது மட்டும் அடுத்த பாதீட்டுக்கு முந்தின மாதம். தவிசாளரும் கணக்குத் தெரிந்தவர்தானே.