லிசியக் கரையோரம்: ஃபெத்தியேயிலிருந்து தெம்ரே வரை படகில்

துருக்கியின் தென்மேற்கில், ஃபெத்தியே வளைகுடாவிலிருந்து கிழக்கே தெம்ரே வரை நீளும் பழைய லிசிய நாட்டுக் கடற்கரையை முதலில் சாலை வழியாகவும் பிறகு படகிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு வழிகளும் பெரும்பாலும் அதே ஊர்களைத்தான் தொடுகின்றன. ஆனால் அந்த ஊர்கள் ஏன் அங்கே அமைந்தன என்பது எனக்குப் படகில் சென்றபோதுதான் விளங்கியது. டாரஸ் மலைத்தொடர் இப்பகுதியில் சமவெளிக்கு இடம் விடாமல் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரத்துக்குத் தரைவழியே போவதென்றால் மலையேறி இறங்க வேண்டும். கடல்வழியே போனால் ஒரு முனையைச் சுற்றினால் போதும். ஆகவே லிசியர்கள் கடலையே தங்கள் பெருவழியாகக் கொண்டார்கள். அரங்கம், கோட்டை, கல்லறை, களஞ்சியம் என்று அவர்கள் கட்டியவற்றுள் பலவும் கடலிலிருந்து வருபவன் கண்ணுக்கு முதலில் படும்படி நிற்கின்றன. இக்கரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு சில நாள்களையாவது படகுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் நண்பர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே வாடகைக்குக் கிடைப்பது குலெத் எனப்படும் இரட்டைப் பாய்மர மரப்படகு. போத்ரும், போஸ்புருன் போன்ற ஊர்களின் படகுத் தச்சர்கள் இன்றும் இவற்றைக் கட்டுகிறார்கள். கடற்பஞ்சு எடுப்பதற்கும் மீன்பிடிப்பதற்கும் சரக்கேற்றுவதற்கும் ஓடிய படகுகளின் வழிவந்த வடிவம் இது. 1925ஆம் ஆண்டு போத்ருமுக்கு நாடு கடத்தப்பட்ட ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர், பின்னாளில் தம் நண்பர்களை அழைத்துக்கொண்டு கடற்பஞ்சுப் படகுகளில் இக்கரையைச் சுற்றி வந்தார். துருக்கியர்கள் நீலப் பயணம் என்று சொல்லும் வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. இன்று அது பெரிய தொழில். அறையை மட்டும் பதிவு செய்துகொண்டு அறிமுகமில்லாதவர்களோடு செல்லும் படகுகளும் உண்டு, முழுப் படகையும் ஒரே குடும்பம் எடுத்துக்கொள்வதும் உண்டு. நானும் மனைவியும் மாமனார், மாமியார், மைத்துனர் குடும்பத்தோடு சேர்ந்து முழுப் படகாகவே எடுத்தோம். செலவு கூடுதல்தான் என்றாலும், எந்தக் குடாவில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாமே முடிவு செய்யலாம் என்பதால் அந்தச் செலவு தகும். அறைப் பதிவில் செல்லும் படகுகள் கால அட்டவணையை மீற முடியாமல், நான் இங்கே முக்கியம் என்று சொல்லப்போகும் சில இடங்களைத் தொடாமலே கடந்துவிடுகின்றன.

இரட்டைப் பாய்மரம் என்றதும் பாய் விரித்து ஓடும் பயணத்தை எதிர்பார்க்கக்கூடாது. இப்படகுகள் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடுகின்றன. காற்று ஒத்துழைக்கும் நேரத்தில் கேப்டனிடம் கேட்டுக்கொண்டால் பாய் விரிப்பார்கள். கோடையில் இக்கடலை ஆள்வது மெல்தெம் என்ற வடமேற்குக் காற்று. அது காலையில் அடங்கியிருந்து, நண்பகலுக்குப் பின் வலுத்து, மாலையில் தணியும். ஆகவே அனுபவமுள்ள கேப்டன்கள் விடிவதற்கு முன்பே நங்கூரம் தூக்கி, நீண்ட ஓட்டத்தைக் காலை உணவுக்குள் முடித்து, காற்று எழும்போது ஏதாவது ஒரு குடாவுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். மேற்கிலிருந்து கிழக்கே செல்லும்போது இந்தக் காற்று முதுகில் தள்ளுகிறது. கிழக்கிலிருந்து திரும்பும்போது அலை எதிரே வந்து மோதுகிறது. ஃபெத்தியேயில் ஏறித் தெம்ரேயில் இறங்கிக்கொள்வதே கடல்நோய் உள்ளவர்களுக்கு நல்லது.

ஃபெத்தியே நகரம் 1957ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரிதும் அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. ஊரில் பழமை குறைவு என்றாலும், அதன் பின்னால் எழும் செங்குத்துப் பாறையில் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமிந்தாஸ் கல்லறை கோயில் முகப்பு போலக் குடையப்பட்டிருக்கிறது. துறைமுகத்தை விட்டுப் படகு விலகும்போது, வீடுகள் சிறுத்துப்போன பிறகும் அந்த முகப்பு மட்டும் கண்ணில் நிற்கிறது. லிசியக் கல்லறைகளைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் மரவீடுகளில் வாழ்ந்தார்கள். அந்த வீடுகள் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஆனால் கல்லறைகளைக் குடைந்த சிற்பிகள் உத்திரம், சட்டம், பொருத்து என்று மரவேலையின் ஒவ்வொரு உறுப்பையும் கல்லில் அப்படியே செதுக்கியிருப்பதால், இறந்தவர்களின் வீட்டைப் பார்த்து உயிரோடிருந்தவர்களின் வீட்டை நாம் அறிந்துகொள்ள முடிகிறது.

முதல் நிறுத்தமாக நான் பரிந்துரைப்பது கெமிலேர் தீவு. 4ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட பல தேவாலயங்களின் இடிபாடுகள் இந்தச் சிறு தீவின் சரிவெங்கும் கிடக்கின்றன. அவற்றுள் இரண்டை வளைவுக் கூரையிட்ட ஒரு நீண்ட நடைவழி இணைக்கிறது. தீவில் ஊற்று கிடையாது. அத்தனை பேரும் மழைநீர்த் தொட்டிகளை நம்பியே வாழ்ந்தார்கள். பாறையில் வெட்டி உட்பூச்சுப் பூசிய அந்தத் தொட்டிகள் இன்றும் வழிநெடுகக் காணக் கிடைக்கின்றன, கவனமாக நடக்க வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் அரபுக் கடற்படைகள் இக்கடலுக்குள் வரத் தொடங்கியதும் தீவு கைவிடப்பட்டது. உச்சிக்கு மாலையில் ஏறுவதே நல்லது, ஏனென்றால் பகலில் அங்கே நிழலுக்கு இடமில்லை. அருகிலுள்ள குளிர்நீர்க் குடாவில் நன்னீர் ஊற்றுகள் கடலுக்குள் கலப்பதால் நீந்தும்போது திடீரென்று உடல் சிலிர்க்கும். அங்கிருந்து பைன் காட்டின் ஊடே ஏறும் பாதை காயாகோய் என்ற வெறிச்சோடிய ஊருக்குச் செல்கிறது. 1923ஆம் ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற உடன்பாட்டின்படி இங்கிருந்த கிரேக்கக் கிறித்தவர்கள் கப்பலேறிப் போனார்கள். அவர்களுடைய நூற்றுக்கணக்கான கல்வீடுகள் கூரையின்றி மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கின்றன. இடப்பெயர்வு என்ற சொல்லை வாழ்வில் அறிந்த தமிழர்கள் அந்தத் தெருக்களை வெறும் காட்சியாகக் கண்டுவிட்டு வர முடியாது.

ஓலுதெனிஸ் நீலக் காயலையும், செங்குத்துப் பாறைகளுக்கு இடையே அமைந்த வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கையும் எல்லாப் படகுகளும் தொடுகின்றன. இரண்டும் அழகானவை, இரண்டிலும் நண்பகல் வேளையில் பகல்நேரச் சுற்றுலாப் படகுகள் நெருக்கியடிக்கும். காலை ஒன்பது மணிக்குள் சென்று திரும்பிவிட முடியாதென்றால் விட்டுவிடலாம். அதன்பின் வருவது ஏழு முனைகள் எனப்படும் பகுதி. அங்கே ஒதுங்க நல்ல குடா இல்லை; அலையும் எப்போதும் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அதைக் கடந்தால் சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள பதாராவின் மணற்கரை. லிசியக் கூட்டாட்சியின் பேரவை கூடிய நகரமாகவும் நீரோ மன்னன் காலத்தில் கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்ட துறைமுகமாகவும் இருந்த பதாராவை ஆற்று வண்டலும் மணலும் மூடிவிட்டன. இன்று படகு அங்கே அணைய வழியில்லை. பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் கரையாகையால் இரவில் மனிதர்களுக்கும் அனுமதியில்லை. காவிரிப்பூம்பட்டினத்தையும் கொற்கையையும் அறிந்த நமக்கு, துறை தூர்ந்ததும் ஊர் மறைவது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை.

காஷ் சிறிய ஊர். அதன் பழைய பெயர் அந்திஃபெல்லோஸ். அதன் கிரேக்க அரங்கம் ஊரின் மேற்கு ஓரத்தில் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. எதிரே தெரியும் மெய்ஸ் தீவு கிரேக்க நாட்டுக்குரியது. கண்ணெதிரே இருக்கிறதென்று படகைத் திருப்பச் சொல்ல முடியாது. எல்லைச் சடங்குகள் உண்டு, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தனி விசாவும் வேண்டும். நான் காஷில் கேப்டனிடம் கேட்டுக்கொண்டது வேறு ஒன்று: கிழக்கே திரும்பும்போது உலுபுருன் முனையருகே படகின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அது. 1982ஆம் ஆண்டு கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஓர் இளைஞர், காது முளைத்த உலோக பிஸ்கட்டுகளைக் கடலடியில் கண்டதாகத் தம் கேப்டனிடம் சொன்னார். அவை செம்புக் கட்டிகள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய வணிகக் கப்பல் ஒன்று நாற்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் சரிவாகக் கிடந்தது. 1984 முதல் 1994 வரை ஆண்டுதோறும் அகழ்ந்தார்கள். இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மூழ்கினார்கள். பெரும்பகுதி சைப்பிரசிலிருந்து வந்த ஏறத்தாழ 10 டன் செம்பும், 1 டன் வெள்ளீயமும் கிடைத்தன. பத்துக்கு ஒன்று என்பது வெண்கலம் வார்க்கத் தேவையான அதே விகிதம். நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி, யானைத் தந்தம், நீர்யானைப் பல், எகிப்திய அரசி நெஃபெர்தீதியின் பெயர் பொறித்த பொன் முத்திரை ஆகியவையும் அந்த ஒரே கப்பலில் இருந்தன. இன்று அவை போத்ரும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முனையருகே பார்க்க எதுவும் இல்லை. சாம்பல் நிறப் பாறையும் அதன் அடியில் கருநீலத் தண்ணீரும்தான். ஆனாலும் அவ்வளவு சரக்கேற்றிய மரக்கப்பலை எந்தக் காற்று எந்தப் பாறையின்மேல் தள்ளியிருக்கும் என்பதை மெல்தெம் வீசும் பிற்பகலில் படகின் மேல்தளத்தில் நின்று பார்த்தால் உணர முடியும். எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் அதைக் காட்டாது.

கெகோவாவுக்குக் குறைந்தது இரண்டு இரவுகள் கொடுங்கள். நிலநடுக்கங்களால் கரை தாழ்ந்து, கெகோவா தீவின் வடகரையில் இருந்த ஊர் பாதி நீருக்குள் போயிற்று. பாறையில் வெட்டிய படிக்கட்டுகள் இறங்கிக்கொண்டே வந்து தண்ணீருக்குள்ளும் தொடர்கின்றன. 1990 முதல் இப்பகுதி பாதுகாக்கப்பட்டு வருகிறது. மூழ்கிய இடிபாடுகளின்மேல் நீந்தவும் நங்கூரமிடவும் தடை உள்ளது. மெதுவாகக் கடந்து செல்லும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், அது சரியான தடை என்றே நான் கருதுகிறேன். எதிர்க்கரையில் உள்ள காலெகோய், பண்டைய சிமெனா. அங்கே செல்லச் சாலை இல்லை. படகில் வரலாம் அல்லது நடந்து வரலாம். கோட்டைக்குள் பாறையில் குடைந்த ஏழே வரிசைகள் கொண்ட சிற்றரங்கம் இருக்கிறது. ஏற முடியாத என் மாமனாரும் மாமியாரும் கீழே தேநீர்க் கடையில் அமர்ந்தபடியே, ஆழமற்ற நீரில் தனியாக நிற்கும் கல்லறைப் பேழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த தோணியின் அடிப்பாகம் போல அதன் மூடி வளைந்திருக்கிறது. பெரியவர்களோடு செல்கிறவர்கள் இத்தகைய நிறுத்தங்களை முன்கூட்டியே எண்ணி வைப்பது நல்லது; படகிலிருந்து இறங்கிய இடத்திலேயே காண்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் நேசித்தது அபெர்லாய். சிச்சாக் தீபகற்பத்தின் குறுகிய கழுத்தில் இறங்கி, சுமார் அரைமணி நேரம் கற்பாதையில் நடந்தால் மறுபுறத்துக் குடாவில் அந்த நகரம் கிடக்கிறது. அங்கு வாழ்ந்தவர்கள் முள்சங்குகளிலிருந்து ஊதா சாயம் எடுத்து விற்றார்கள். உடைத்த சங்கு ஓடுகள் நகரின் ஓரத்தில் மேடாகக் குவிந்திருக்கின்றன, காலடியில் நொறுங்குகின்றன. அந்தச் சாயம் உரோமப் பேரரசர்களின் ஆடைக்குப் போனது; அதை எடுக்கும்போது எழும் அழுகல் நாற்றமோ ஊரைச் சூழ்ந்திருக்கும். நகர மதிலின் ஒரு பகுதி நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. தெளிந்த நீரில் சுவர்களின் அடித்தளங்களை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். நுழைவுச்சீட்டு இல்லை, கூட்டம் இல்லை. குடிநீரையும் தொப்பியையும் மறக்கக்கூடாது.

சைவ உணவுக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் கத்தரிக்காய், பீன்ஸ், கூனைப்பூ வகைகள், மைசூர்ப் பருப்பு போன்ற செம்பருப்புச் சூப், தயிர், கோதுமை நொய்ச் சோறு ஆகியவை துருக்கிச் சமையலில் இயல்பாகவே உள்ளவை. மீனும் முட்டையும் வேண்டாமென்பதை மட்டும் படகு ஏறும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டால், சமையற்காரர் சந்தையிலேயே அதற்கேற்ப வாங்கிக்கொள்வார். எங்கள் மாமியார் கொண்டுவந்திருந்த மிளகாய்ப்பொடி இரண்டாம் நாளே படகுச் சிப்பந்திகளின் மேசைக்கும் போய்விட்டது.

நங்கூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்குள்ள குடாக்கள் கரையோரத்திலேயே ஆழமானவை. ஆகவே படகின் முன்புறம் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்புறத்திலிருந்து கயிறு எடுத்துக்கொண்டு சிப்பந்தி நீந்திப் போய்ப் பாறையில் கட்டுவார். நங்கூரச் சங்கிலி கடற்புல் வெளியின்மேல் இழுபட்டால், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரும் அந்தப் புல் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். மீன்குஞ்சுகள் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். மணல் அடியைத் தேடி நங்கூரமிடும்படியும், பைன் மரங்களில் கயிறு கட்ட வேண்டாமென்றும் வாடகைக்கு எடுப்பவர்களே கேட்டால் கேப்டன்கள் மறுப்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

பயணம் முடியும் அந்திரியாகே, இன்றைய தெம்ரே இருக்குமிடத்தில் அன்று இருந்த மிரா நகரின் துறைமுகம். உரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துத் தானியக் களஞ்சியம் ஒன்று அங்கே நிமிர்ந்து நிற்கிறது. அதற்குள் இப்போது லிசிய நாகரிக அருங்காட்சியகம் இயங்குகிறது. அதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மிராவின் பாறைக் கல்லறைகளுக்கும், தெம்ரேயிலுள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்கும் போகலாம். ஒரு பகல் முழுவதும் அதற்கு வேண்டும். மே மாத இறுதியும் செப்டம்பரும் இப்பயணத்துக்கு ஏற்ற காலம். செப்டம்பரில் கடல்நீர் இதமாக இருக்கும், மெல்தெம் தளர்ந்திருக்கும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைவிட வாடகையும் இறங்கியிருக்கும். ஒப்பந்தம் எழுதும்போது எரிபொருள், துறைமுகக் கட்டணம், உணவு ஆகியவை உட்பட்டனவா என்பதைக் கேட்பதோடு, கெமிலேர், காயாகோய் பாதை, அபெர்லாய், சிமெனா ஆகிய நான்கு நிறுத்தங்களையும் பெயர் சொல்லி அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.